வேளை தவறிய சாப்பாடு

என் பாட்டி ராத்திரியில் சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ரெண்டு இட்லி, இல்லாட்டி கொஞ்சம் அவல். கேட்டால், "தாத்தா போனதுலேர்ந்து இப்படித்தான், பழகிப்போச்சு" என்பாள். புறநானூறு படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பழக்கத்தின் வயது எனக்கு உறைத்தது.

248ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தனாருடையது. ரொம்பச் சின்னது. கணவனை இழந்த ஒருத்தி வெள்ளாம்பலைப் பற்றிப் பேசுகிறாள். சின்ன வயதில் அது அவளுக்குத் தழையுடை. இப்போது வேளை தவறி உண்ணும் நாட்களில் அதன் அல்லியரிசிதான் சாப்பாடு. அழுததாக அவள் சொல்லவே இல்லை.

246ஆம் பாட்டைப் பாடியவள் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு. தீயில் இறங்கப் போகிறவளைச் சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவள் பதில் கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுப் பட்டியல்: நெய் சேராத, நீரிலிருந்து பிழிந்தெடுத்த சோறு, அரைத்த வெள்ளெள், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக்கல்தான். அந்த வாழ்க்கைக்கு நான் ஆளில்லை, எனக்குத் தீயும் தாமரைக் குளமும் ஒன்றுதான் என்கிறாள். இதைக் கற்பின் பெருமையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. தடுத்தவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், அவர்களிடம் அவளுக்குக் கொடுக்க இருந்தது அந்தப் பட்டியல்தானே?

1829இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டு மதராஸ் மாகாணத்திலும் உடன்கட்டை தடை செய்யப்பட்டது. 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. தீயைச் சட்டம் அணைத்தது சரி. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை எந்தச் சட்டம் கேட்டது? பாட்டி ஒருமுறை சொன்னாள்: "முதல் வருஷம் பசிதான்டா தெரிஞ்சுது. அவர் இல்லைங்கறது அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

நான் திரும்பத் திரும்பப் போவது 256ஆம் பாட்டுக்கு. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டு சட்டென்று பிடிபடும். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லி மாதிரி கணவனோடு காடெல்லாம் கடந்து வந்தவள், ஊர்க் குயவனிடம் போய் நிற்கிறாள். நோன்பு பற்றியோ தீ பற்றியோ பேச்சே இல்லை, புத்தி சொல்லச் சான்றோர்களும் இல்லை. தாழியில் புதைப்பது ஊர் வழக்கம். அதில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறாள்: எனக்கும் சேர்த்து அகலமாகச் செய்.

குயவன் என்ன சொன்னான் என்பது பாட்டில் இல்லை.