தாடையை வளர்க்க முயன்ற வரலாறு

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முதுமொழி. மரக்கன்றுக்கும் மாணாக்கனுக்கும் பொருந்தும் இம்மொழி குழந்தையின் தாடை எலும்புக்கும் பொருந்துமா? மேனாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவோடு போராடியுள்ளனர்.

மேல் முன்பற்கள் வெளியே துருத்தி நிற்பதை எத்துப்பல் என்கிறோம். குற்றம் பல்லினுடையது மட்டும் அன்று. பலரிடத்தில் கீழ்த்தாடை பின்தங்கி நிற்பதும் காரணமாகும். 1899-இல் பல்வரிசைக் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்த அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள், இதனை இரண்டாம் வகுப்பில் வைத்தார். அவருக்கு முன்பே நியூயார்க் மருத்துவர் நார்மன் கிங்ஸ்லி, கீழ்த்தாடையை முன்னே கொணரும் தட்டு ஒன்றை அமைத்திருந்தார்.

டென்மார்க்கு நாட்டு விக்கோ ஆண்டிரசன், 1908-ஆம் ஆண்டு வாக்கில், கோடை விடுமுறைக்கு முன் தம் மகளின் பற்களில் இருந்த கம்பிகளைக் கழற்றினார். பற்கள் பழைய நிலைக்குத் திரும்பாதிருக்கத் தளர்வான தட்டு ஒன்றைக் கொடுத்தார். வாயை மூடும்போதெல்லாம் அது கீழ்த்தாடையை முன்னே வரச் செய்தது. விடுமுறை முடிந்தபோது மேல் கீழ்ப் பல்வரிசைகள் சரியாகப் பொருந்தியிருக்கக் கண்டு தந்தை வியந்தார். பின்னர் நார்வேயில் பேராசிரியரான அவர், கார்ல் ஹாய்ப்ல் என்பாருடன் 1936-இல் நூல் வெளியிட்டார். தசையின் இயக்கமே எலும்பை வளரத் தூண்டும் என்பது அவர்தம் கொள்கை. அவர்களின் 'ஆக்டிவேட்டர்' கருவி ஐரோப்பாவில் பரவியது. 1977-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 'டுவின் பிளாக்' எனும் இரட்டைத் தட்டை உருவாக்கினார்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. கருவி அணியாத குழந்தையின் தாடையும் வளரத்தானே செய்கிறது? அவ்வாறாயின் வளர்த்தது கருவியா, காலமா? ஒரு மகளைக் கொண்டு இதற்கு விடை கூற இயலாது. 1931-இல் அமெரிக்காவில் பிராட்பெண்டும் ஜெர்மனியில் ஹோப்ராத்தும் தலையை ஒரே நிலையில் நிறுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கும் முறையைக் கண்டனர். தாடையை அளக்க வழி பிறந்தது. எனினும், சிகிச்சை பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டாலன்றி அளவு மட்டும் உண்மை உரைக்காது.

அவ்வொப்பீடு பிற்காலத்தில் நிகழ்ந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தார் 1988-இல் தொடங்கிய ஆய்வில், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு உடனே கருவி அணிவித்தனர்; சிலரைக் காத்திருக்கச் செய்தனர். முதற்கட்டத்தில் கருவி அணிந்தோரின் தாடை உறவு சராசரியில் மேம்பட்டது. ஆனால் இரு சாராரும் பதின்பருவத்தில் சிகிச்சை முடித்தபோது அவ்வேறுபாடு மறைந்தது. பிரிட்டனில் 8 முதல் 10 வயது வரையிலான 174 குழந்தைகளிடம் நடந்த 'டுவின் பிளாக்' ஆய்வும் 2003-இல், திருத்தத்தின் பெரும்பங்கு பல் நகர்ந்ததால் வந்தது, எலும்பால் வந்தது சிறிதே எனக் காட்டியது. 2009-இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, முன்கூட்டித் தொடங்கியோர் மருத்துவரிடம் அதிக நாள் அலைந்தும், இறுதியில் பிறரைவிட மேலான தாடை பெறவில்லை.

எனில் இளவயதுச் சிகிச்சை வீணா? அன்று. துருத்திய பல் விழுந்தடிபட்டு உடைவதை அது குறைக்கிறது. சகமாணவரின் கேலியால் வாடும் பிள்ளைக்கு அப்போதைக்கேனும் தன்மதிப்பை அளிக்கிறது. இவ்விரண்டும் இல்லாவிடத்து, பதின்பருவம் வரை பொறுத்தலால் பெற்றோர் இழப்பது ஒன்றுமில்லை. 'காலம் கடந்துவிட்டதே' என்று கலங்குவோர்க்கு இச்செய்தி ஆறுதலாகும்.

ஐந்தில் வளைக்க வேண்டியவை பல உள. தாடை அவற்றுள் ஒன்றன்று.