தாவோ என்னும் நெறி: சீனர் சிந்தனையும் நம் பேராக் மண்ணும்

ஈப்போவிலிருந்து கோப்பெங் நோக்கிச் செல்லும் பழைய சாலையில், குனோங் ராப்பாட் பகுதியிலுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில், மூன்று குகைக் கோயில்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சாம் போ தோங் பௌத்தக் கோயில். லிங் சென் தோங், நான் தியான் தோங் ஆகிய இரண்டும் தாவோ சமயத்தைச் சார்ந்தவை. நகரின் மறுபுறத்தில், குனோங் சீரோவின் அடிவாரத்தில், நம்முடைய கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. ஒரே வகைக் குன்றுகள். ஒரே வகைக் குகைகள். ஈயலம்பத்துக்கு வந்த சீனரும் பால்மரக் காட்டுக்கு வந்த தமிழரும் அவற்றின் நிழலையே தேடியிருக்கிறார்கள்.

சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கு விழா எடுக்கிறார்களே, வெள்ளாடை உடுத்து, புலால் நீக்கி, ஒன்பது நாள் நோன்பிருக்கிறார்களே, அதுவும் தாவோ மரபைச் சேர்ந்ததுதான். பல ஆண்டுகளில் அந்த ஒன்பது நாளும் நம் நவராத்திரியும் ஒரே அமாவாசையை அடுத்துத் தொடங்குகின்றன. நூறாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும், அடுத்த வீட்டுக்காரர் ஏன் ஊதுவத்தி ஏற்றுகிறார் என்று நம்மில் பலர் கேட்டதில்லை. ஆகவே தாவோ என்றால் என்ன, அதன் வரலாறு யாது, அதில் நமக்குரிய பாடம் ஏதும் உண்டா என்பதை இன்று சிந்திப்போம்.

தாவோ நெறியின் மூலநூல் ‘தாவோ தே ஜிங்’. ஏறத்தாழ ஐயாயிரம் சீன எழுத்துகளைக் கொண்ட சிறிய நூல். 81 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தமிழில் இதைக் கவிஞர் சி. மணி மொழிபெயர்த்திருக்கிறார். நூலை இயற்றியவர் லாவோட்சு என்பது மரபு. சௌ அரசின் ஏட்டுக் காப்பாளராக இருந்த அவர், நாடு சீர்கெட்டதைக் கண்டு மேற்கே புறப்பட்டாராம். எல்லைக் கணவாயின் காவலர் வேண்டிக்கொண்டபடி நூலை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்தாராம். கி.மு. 100ஆம் ஆண்டையொட்டி வரலாறு எழுதிய சிமா சியன் இக்கதையைச் சொல்கிறார். ஆனால், லாவோட்சு யார் என்பதில் அவருக்கே உறுதியில்லை. ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிட்டு விட்டுவிடுகிறார்.

நூலின் பழமையை மண்ணே சான்று காட்டியது. 1973ஆம் ஆண்டு சீனாவின் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றில், பட்டுத்துணியில் எழுதிய இரு படிகள் கிடைத்தன. 1993இல் குவோதியன் என்னுமிடத்தில், கி.மு. 300ஐ ஒட்டிய மூங்கில் ஏடுகளில் இந்நூலின் பகுதிகள் கிடைத்தன. பட்டுப் படிகளில் ‘தே’ பற்றிய பகுதி முன்னும், ‘தாவோ’ பற்றிய பகுதி பின்னுமாக அமைந்திருந்தது அறிஞர்களை வியக்க வைத்தது. தாவோ சமயமாக, பூசாரிகளும் சடங்குகளும் கொண்ட அமைப்பாக உருப்பெற்றது பின்னாளில்தான். கி.பி. 142இல் சாங் தாவோலிங் தொடங்கிய இயக்கத்தை அதன் தொடக்கமாகக் கொள்வார்கள்.

சரி, ‘தாவோ’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? இந்தக் கேள்வி ஒருமுறை அரசவை விவகாரமாகவே ஆயிற்று. அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

கி.பி. 643இல் சீனத்துத் தாங் பேரரசின் தூதுக்குழு ஒன்று இந்தியாவுக்குப் புறப்பட்டது. அதன் தலைவர் லி யீபியாவ். இன்று அசாம் எனப்படும் காமரூப நாட்டை அப்போது ஆண்டவர் பாஸ்கரவர்மன். உங்கள் நாட்டில் பௌத்தம் வருவதற்கு முன்பே ஞானநூல் இருந்ததாமே, அதை எங்கள் மொழியில் பெயர்த்துத் தரலாகாதா என்று அம்மன்னர் தூதரிடம் கேட்டார். தூதர் நாடு திரும்பிச் செய்தியைச் சொன்னதும், பேரரசர் தாய்சோங் 647இல் அந்தப் பணியை ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் வேறு யாருமல்லர். நாம் பள்ளிப் பாடத்தில் படித்த யுவான் சுவாங்தான். 640ஐ ஒட்டிப் பல்லவரின் காஞ்சிபுரத்துக்கு வந்து, அந்நகரைப் பற்றி எழுதி வைத்த அதே பயணி. இந்தியாவில் பல ஆண்டுகள் கற்று, 645இல்தான் தாயகம் திரும்பியிருந்தார்.

பேரரசருக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. தாங் மன்னர்களின் குடும்பப் பெயர் லி. லாவோட்சுவின் குடும்பப் பெயரும் லி என்பது மரபு. ஆகவே அவரைத் தம் மூதாதையாகவே அவர்கள் போற்றினார்கள். 637இல் பௌத்தத் துறவியரைவிடத் தாவோ துறவியருக்கு முன்னிடம் அளித்து ஆணையும் பிறப்பித்திருந்தார்கள்.

மொழிபெயர்ப்புக்காக யுவான் சுவாங்கும், செங் சுவான்யிங் முதலிய தாவோ அறிஞர்களும் கூடி உட்கார்ந்தார்கள். முதற்சொல்லிலேயே தகராறு எழுந்தது. ‘தாவோ’ என்பதை வடமொழியில் ‘போதி’ என்று சொல்ல வேண்டும் என்றனர் தாவோ அறிஞர்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. பௌத்த நூல்களை முதன்முதலில் சீனத்தில் பெயர்த்தவர்கள், ‘போதி’ என்ற சொல்லுக்குத் ‘தாவோ’ என்றே எழுதி வந்தார்கள். யுவான் சுவாங் இசையவில்லை. போதி என்றால் விழிப்பு. தாவோ என்றால் வழி. ஆகவே ‘மார்க்கம்’ என்பதே சரி என்று வாதிட்டார். தம் கருத்தையே நிலைநிறுத்தினார். இதை எழுதி வைத்த தாவோசுவான் ஒரு பௌத்தத் துறவி என்பதையும் நாம் மறக்கலாகாது. எதிர்த்தரப்பார் எழுதிய குறிப்பு இருந்திருந்தால் வேறுவிதமாகவும் இருந்திருக்கும். அந்த வடமொழிபெயர்ப்பின் படி எதுவும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. சீனம் சென்று வந்தவர் என்று போகரைச் சித்தர் மரபு போற்றுகிறது, அது மரபு. இதுவோ எழுத்தில் உள்ள செய்தி. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்ப்பதே வரலாறு கற்பார்க்கு அழகு.

யுவான் சுவாங் கேட்ட கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார்ப்போமா? தாவோ என்ற சீன எழுத்தில் தலையைக் குறிக்கும் பகுதியும் நடையைக் குறிக்கும் பகுதியும் சேர்ந்திருக்கின்றன. நம்மிடம் ‘வழி’ உண்டு, ‘நெறி’ உண்டு. இவற்றைவிடப் பொருத்தமான ஒரு பழஞ்சொல்லும் உண்டு, அதுதான் ‘ஆறு’. ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். செல்லும் வழிக்கும் அதே பெயர். திருக்குறளிலும் இச்சொல் வழி என்ற பொருளில் வருகிறது. லாவோட்சு தாவோவுக்கு மிகவும் விரும்பிச் சொல்லும் உவமை நீர். நீர் யாரோடும் போட்டியிடாது. எவரும் விரும்பாத தாழ்ந்த இடத்தை நாடும். ஆனால் உயிர்களுக்கெல்லாம் உதவும். காலப்போக்கில் கல்லையும் கரைக்கும். ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகளை எவர் உளி கொண்டு குடைந்தார்? மழைநீர்தான் யுகக்கணக்கில் கரைத்துக் கரைத்துக் குடைந்தது. அந்தக் குகையிலே தாவோ கோயில் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

அடுத்தது ‘தே’. இதை அறம் என்றோ ஒழுக்கம் என்றோ பெயர்க்கிறார்கள். தவறில்லை, ஆனால் முழுமையும் இல்லை. சுக்கின் குணம், மிளகின் குணம் என்கிறோம். மருந்து குணம் தந்தது என்கிறோம். அவர் குணவான் என்றும் சொல்கிறோம். ஒரு பொருளின் உள்ளார்ந்த ஆற்றலுக்கும் ஒரு மனிதரின் நல்லியல்புக்கும் தமிழில் ஒரே சொல் இருக்கிறது. ‘தே’ என்பதும் அத்தகையதே. ஒவ்வொன்றும் தாவோவிலிருந்து பெற்றுக்கொண்ட குணமே அதன் ‘தே’. மனிதரிடத்தில் அது தன்னை விளம்பரப்படுத்தாத நன்மையாக வெளிப்படும். பகைக்கும் நன்மையையே திருப்பித் தருக என்கிறார் லாவோட்சு. அப்படியானால் நன்மைக்கு எதைத் தருவது, பகைக்கு நேர்மையைத் தந்தால் போதாதா என்று கன்பூசியசு இத்தகைய கருத்தை மறுத்ததாக அவருடைய உரையாடல் நூல் சொல்கிறது. நம் திருவள்ளுவர் ‘இன்னா செய்யாமை’யில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

மூன்றாவது ‘வூ வெய்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘செய்யாமை’. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சோம்பல் என்றோ, விதியே என்று கிடத்தல் என்றோ எண்ணுகிறார்கள். அது ‘வலிந்து செய்யாமை’ ஆகும். சுவாங்ட்சு என்னும் தாவோ ஞானி ஒரு கதையால் இதை விளக்குகிறார். மாடு அறுக்கும் சமையற்காரர் ஒருவர். மற்றவர்கள் மாதத்துக்கு ஒரு கத்தி, ஆண்டுக்கு ஒரு கத்தி என்று மாற்றுகிறார்கள். அவருடைய கத்தியோ 19 ஆண்டுகளாகத் தீட்டிய அன்றுபோல் இருக்கிறது. காரணம், அவர் எலும்பை வெட்டுவதில்லை. மூட்டுகளுக்கிடையே இயற்கையாக உள்ள இடைவெளியில் கத்தியைச் செலுத்துகிறார். சிக்கலான இடம் வந்தால் நிதானித்து, கண்ணை நிறுத்தி, மெல்ல அசைக்கிறார்.

நம் தோட்டத்து மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? 1877இல் கோலாகங்சாரில் நட்ட பால்மரக் கன்றுகளோடு தொடங்கிய கதை நம்முடையது. பால் ஊறும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தை ஒட்டியே இருக்கின்றன. மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் படலம் காயப்படும்; பின்னர் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. இடையில் இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விடியுமுன் இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், நிரை நிரையாக மரம் மாறி மாறி அந்த மில்லிமீட்டரைக் கைப்பழக்கத்தாலேயே கண்டவர்கள் நம் தாய்மார்கள். ஏன் விடியுமுன்? மரத்தின் உள்ளழுத்தம் அப்போதுதான் மிகுதி. பால் தானாக ஓடி வரும். மரத்தின் இயல்பை அறிந்து, அது தரும் நேரத்தில், தரும் அளவே பெறுவது; இதுதான் வூ வெய். அதில் உழைப்பு இல்லையென்று யார் சொல்ல முடியும்?

இங்கே ஒரு முக்கியமான கேள்வியை எதிர்கொண்டாக வேண்டும். வலிந்து செய்யாதே, தாழ்ந்திரு என்ற போதனை ஏழைத் தொழிலாளியின் வாயை அடைக்க உதவாதா? வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. லாவோட்சு வூ வெய்யைப் பெரும்பாலும் ஆள்வோருக்கே சொல்கிறார். சிறு மீனைச் சமைக்கும்போது கிளறிக்கொண்டே இருந்தால் உடைந்து போகும். நாடும் அப்படியே என்பது அவர் கருத்து. மக்கள் பசிப்பதற்குக் காரணம் மேலே இருப்பவர் மிகுதியாக வரி உண்பதுதான் என்றும் நேராகச் சொல்கிறார். கி.மு. 180 முதல் 157 வரை ஆண்ட ஹான் பேரரசர் வென் காலத்தில் இச்சிந்தனைக்கு அரசவையில் செல்வாக்கு இருந்தது. விளைச்சலில் பதினைந்தில் ஒரு பங்காக இருந்த நிலவரி முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. உறுப்புகளைச் சிதைக்கும் தண்டனைகள் கி.மு. 167இல் நீக்கப்பட்டன. மாவாங்துய் பட்டுப் படிகள் மண்ணுக்குள் சென்றதும் அவர் ஆட்சியில்தான். ஆக, வலிமை உள்ளவர் தம் வலிமையை அடக்கிக்கொள்வதே வூ வெய். வலிமையற்றவரைப் பார்த்து ‘சும்மா இரு’ என்று சொல்ல அந்நூலில் ஆதாரமில்லை.

வலிமையற்றவர்க்கு அந்நூல் காட்டுவது நீரின் வழி. நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று சொன்னார்கள். அந்தச் சிறு தொகைகள் திரண்டு, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர்களின் சங்கத்துக்கே சொந்தமாயிற்று. அவர்கள் தாவோ நூலைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் துளித்துளியாய்ச் சேர்ந்து வழி கண்ட நீரைப் போலவே செயல்பட்டார்கள்.

வலிந்து செய்ததன் விளைவையும் கிந்தா பள்ளத்தாக்கு கண்டிருக்கிறது. நீரையே பீரங்கிபோல் பாய்ச்சி மண்ணை உடைத்து ஈயம் எடுத்தோம். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது, லம்பங்கள் மூடப்பட்டன. எஞ்சியவை மணல் மேடுகளும் குட்டைகளும். நீர் மட்டும் தன் இயல்புப்படி அந்தப் பள்ளங்களில் போய் அமைதியாக நிறைந்தது. இன்று அங்கே மீன் வளர்க்கிறார்கள், கொக்குகள் இறங்குகின்றன.

தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் இன்று சீனர் வீடுகளுக்கு அடுத்த வீடுகளில் வாழ்கின்றன. அவர்கள் வாசலில் ஊதுவத்தி புகையும்போது, அதன் பின்னே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிந்தனை ஒன்று இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அதை நம் மொழியில் ‘ஆறு’ என்றும் ‘குணம்’ என்றும் சொல்லிப் புரிய வைக்கலாம் என்பதையும் சொல்லுவோம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் காமரூபத்து மன்னர் ஒருவர் அண்டை நாட்டாரிடம் ஆர்வத்தோடு கேட்ட கேள்வியை, அண்டை வீட்டாரிடம் கேட்க நமக்கு என்ன தடை?