எந்தக் கப்பல் எதற்காகப் பிறந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கப்பல் சுற்றுலா என்று விளம்பரம் செய்கிறவர்கள் இன்று மூன்று வகையைக் காட்டுகிறார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் ஏறும் பெரிய கடல் கப்பல் ஒன்று. இருநூறு பேருக்குள் ஏறும் ஆற்றுக் கப்பல் இன்னொன்று. துருவப் பகுதிக்கும் ஆளில்லாத தீவுகளுக்கும் போகிற சிறிய கப்பல் மூன்றாவது. எல்லா விளம்பரத்திலும் ஒரே நீல வானம், ஒரே சிரித்த முகங்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பல ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தியவன் நான். ஒன்று புரியவில்லை என்றால், அது எப்போது, யாருடைய தேவைக்காக வந்தது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

தேடியதற்குக் காரணமும் உண்டு. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை நானும் என் துணைவியாரும் ஒரே ஒரு பயணத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டாவது பயணத்துக்குப் பணமும் கிடையாது, அவருடைய முழங்காலும் இடம் கொடுக்காது. ஒரு முறைதான் போகப் போகிறோம் என்றால், தப்பான கப்பலில் ஏறிவிடக் கூடாது அல்லவா?

முதலில் பெரிய கப்பலின் கதை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ட் பாலின் என்பவர் ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். அந்த நிறுவனத்தின் வருமானம், ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போகும் பயணிகளும் பிழைப்புத் தேடிப் போகும் ஏழைகளும். ஆனால் குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும், கூட்டம் குறைந்துவிடும். கப்பல் சும்மா நின்றாலும் செலவு நிற்காது. 'அப்படியானால் வெயில் இருக்கும் இடத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாமே' என்று பாலின் கணக்குப் போட்டார். 1891 ஜனவரி 22 அன்று குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து 'ஆகஸ்டா விக்டோரியா' 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. பாலின் தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு அதில் போனார். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். (அரசியின் பெயர் 'ஆகஸ்டே'. கப்பலில் 'ஆகஸ்டா' என்று எழுதிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் திருத்தினார்கள். நான் அங்கே இருந்திருந்தால் முதல் நாளே சிவப்பு மையில் சுழித்திருப்பேன்!)

ஆக, முதல் பெரிய உல்லாசப் பயணத்தின் வேர் ஊர் பார்க்கும் ஆசை அல்ல. காலியாகக் கிடக்கும் படுக்கைகளை நிரப்ப வேண்டும் என்ற கணக்கு. பிறகு உல்லாசத்துக்கென்றே 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே' என்ற கப்பலையும் பாலின் கட்டினார். எல்லாம் முதல் வகுப்பு அறைகள். 1906 டிசம்பரில் அது ஜமைக்கா கரையோரம் பாறையில் ஏறி உடைந்தது. பயணிகள் பிழைத்தார்கள். கப்பலின் தலைவர் தன் அறைக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார்.

காலியான கப்பல் என்ற அதே சிக்கல் 1958 அக்டோபரில் இன்னும் பெரிதாக வந்தது. அந்த மாதம்தான் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஐந்து நாள் கடல் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. அடுத்த பத்து ஆண்டுக்குள் 'குயின் மேரி' போன்ற பெயர்பெற்ற கப்பல்களே ஓய்வுக்குப் போய்விட்டன. 1966இல் நார்வேயின் நுட் குளோஸ்டரிடம் 'சன்வர்டு' என்ற புதுக் கப்பல் இருந்தது. ஜிப்ரால்டர் பக்கம் ஓட்டக் கட்டியது, அரசியல் தகராறில் அந்த வழி கெட்டுப்போனது. மியாமியில் டெட் அரிசன் என்பவரிடம் முன்பதிவு செய்த பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. இருவரும் சேர்ந்தார்கள். இன்று நாம் பார்க்கும் கரீபியன் கப்பல் சுற்றுலா அங்கிருந்து வளர்ந்ததுதான். பின்னர் பிரிந்து போன அரிசன் 1972இல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் கப்பலான 'மார்டி கிரா' முதல் பயணத்திலேயே மியாமிக்கு வெளியே மணல் திட்டில் தட்டி நின்றது. ஆனாலும் உள்ளே விருந்து நடந்துகொண்டே இருந்ததாம்.

இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கப்பல் எங்கும் போகாமல் நின்றாலும் விருந்து நடக்கும் என்றால், ஊரைவிடக் கப்பல் முக்கியமாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சிதான். 1980இல் 'பிரான்ஸ்' என்ற பழைய பெரும் கப்பல் 'நார்வே' என்ற பெயரில் கரீபியனுக்கு வந்தது. தீவுகளின் துறைமுகத்தில் அது நுழையாது. தூரத்தில் நிறுத்திவிட்டு, கூடவே சுமந்து வந்த இரண்டு படகுகளில் ஆட்களைக் கரையில் இறக்கினார்கள். கப்பல் நிறுவனங்களே தீவுகளையும் கடற்கரைகளையும் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, 'இதுதான் நீங்கள் பார்க்க வந்த ஊர்' என்று காட்டத் தொடங்கின. 2024 ஜனவரியில் பயணத்துக்கு வந்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளம், 2,48,663 டன் கொள்ளளவு. அதிகபட்சம் 7,600 பயணிகள். டைட்டானிக்கைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. எங்கள் ஒன்றியத்தில் சில ஊராட்சிகளின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு வராது.

நான் பெரிய கப்பலைப் பழிக்கவில்லை. பேரன் பேத்தியோடு மூன்று தலைமுறை சேர்ந்து போனால் அதைவிட வசதி வேறில்லை. மின்தூக்கி உண்டு, மருத்துவர் உண்டு, ஒரு நாளுக்கான செலவும் மூன்றில் பெரும்பாலும் குறைவு. கப்பலே ஊர் என்று தெரிந்து ஏறினால் ஏமாற்றமே இல்லை.

ஆற்றுக் கப்பலின் பிறப்பு முற்றிலும் வேறு. அதற்கு நைல் நதிக்குப் போக வேண்டும். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. போகும்போது பாய் விரித்தால் போதும், திரும்பும்போது பாயைச் சுருட்டிவிட்டு ஓட்டத்தோடு வரலாம். இயற்கையே போட்டுக் கொடுத்த இருவழிப் பாதை! 'தகபியா' என்ற பாய்மரப் படகை மாதக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பணக்கார ஐரோப்பியர்கள் அதில் குடியிருந்தே போனார்கள். 1873–74இல் அப்படிப் போனவர் அமெலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். ஐரோப்பாவில் விடாமல் பெய்த மழைக்குத் தப்பித்தான் அவர் எகிப்துக்கே வந்தார். அபு சிம்பெல்லில் வாரக்கணக்கில் தங்கினார். முன்பு யாரோ அச்சு எடுத்ததில் ராம்சேசின் பெரிய சிலையின் முகத்தில் வெள்ளைச் சுண்ணம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. படகுக்காரர்களை ஏறச் சொல்லி அதைச் சுரண்டி, மிச்சக் கறையை மறைக்கக் காப்பியைக் காய்ச்சிக் காய்ச்சிப் பூசச் சொன்னார். ஊர் திரும்பி ஒரு புத்தகம் எழுதினார். எகிப்தின் பழஞ்சின்னங்கள் அழிகின்றனவே என்ற கவலையில் 1882இல் எகிப்து ஆய்வு நிதியம் தோன்றுவதற்கு முன்நின்றார். மழைக்கு ஒதுங்க வந்தவரை அந்த ஆறு அப்படி மாற்றியிருக்கிறது.

அதே நைலில் தாமஸ் குக் 1869இலேயே நீராவிப் படகுகளை வாடகைக்கு எடுத்து நடுத்தர வர்க்கத்தாரை அழைத்துப் போனார். மாதங்கள் வாரங்களாயின. 1884இல் கார்ட்டூமில் சிக்கிய ஜெனரல் கார்டனை மீட்கப் பிரிட்டன் படை அனுப்பியபோது, படையை ஆற்றில் ஏற்றிச் செல்லும் ஒப்பந்தமே குக் நிறுவனத்துக்குத்தான் போனது. சுற்றுலாப் படகும் சாம்ராஜ்யத்தின் படகும் ஒன்றாகிவிட்டன. பாடநூலில் இந்த மாதிரி விஷயம் வராது.

ஐரோப்பாவின் ஆற்றுச் சுற்றுலா இன்றுள்ள வடிவத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கால்வாய். ரைன் வடகடலுக்குப் போகிறது, டான்யூப் கருங்கடலுக்குப் போகிறது. இரண்டையும் இணைக்க 793ஆம் ஆண்டிலேயே பேரரசர் சார்லமேன் வெட்டத் தொடங்கினார். 1846இல் பவேரிய அரசர் லுட்விக் பெயரில் ஒரு கால்வாய் வந்தது. அது குறுகலானது, ரயிலோடு போட்டியிட முடியவில்லை. கடைசியில் 1992 செப்டம்பர் 25 அன்றுதான் 171 கிலோமீட்டர் நீளமுள்ள ரைன்–மைன்–டான்யூப் கால்வாய் முழுதாகத் திறந்தது. சார்லமேன் தொடங்கிய வேலைக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டு! கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்துக்கு, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பல் படிப்படியாக ஏறி இறங்குகிறது. அந்தத் தொட்டிகளை லாக் என்கிறார்கள், மொத்தம் 16. ஒவ்வொன்றின் அகலம் 12 மீட்டர். அதனால்தான் ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்கள் பெரும்பாலும் 11.4 மீட்டர் அகலம், 135 மீட்டர் நீளத்துக்குள் அடங்குகின்றன. பாலங்களுக்கு அடியில் போக உயரத்தையும் குறைக்க வேண்டும். ஆறு அளந்து கொடுத்த சட்டைதான் அந்தக் கப்பல். நீச்சல் குளமும் நாடக அரங்கும் வைக்க இடமில்லாததால், கரையிலுள்ள ஊர்தான் பொழுதுபோக்கு. பெரும்பாலும் ஊரின் நடுவிலேயே இறங்கலாம்.

ஆனால் ஆறு மனம் மாறும். 2018இலும் 2022இலும் ரைன் நதியில் காவுப் என்ற இடத்தில் தண்ணீர் வற்றியது. பயணிகளைப் பாதி வழியில் பேருந்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. வெள்ளம் வந்தால் பாலத்தடியில் நுழைய முடியாது. கூட்டமான துறையில் கப்பலோடு கப்பலை ஒட்டி நிறுத்துவார்கள்; சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பல்காரர் பல் துலக்குவது தெரியும்.

சிறிய கப்பலுக்கு வருகிறேன். 1966இல் ஸ்வீடனில் பிறந்த லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட், அர்ஜென்டினாவின் கடற்படைக் கப்பலை வாடகைக்கு எடுத்துச் சாதாரணப் பயணிகளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969இல் அதற்கென்றே 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' கட்டப்பட்டது. கூடவே இயற்கை அறிஞர்கள் வந்து வகுப்பு எடுத்தார்கள். இன்று அண்டார்க்டிகாவில் 500க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம். இங்கே கப்பலின் அளவைத் தீர்மானிப்பது பென்குயின்கள். அந்த எக்ஸ்ப்ளோரர் 2007 நவம்பர் 23 அன்று பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. 154 பேரும் உயிர்காப்புப் படகில் சில மணி நேரம் நடுங்கிக் கிடந்து, இன்னொரு கப்பலால் மீட்கப்பட்டார்கள். ரப்பர் படகில் தாவி ஏறி, அலையில் இறங்கி நடக்க வேண்டிய பயணம் இது. எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், "என்னங்க, படகுல ஏற படிக்கட்டு இருக்குமா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார் துணைவியார்.

2019இல் ஐந்து நாளுக்குள் நடந்த இரண்டு விபத்துகளையும் சொல்ல வேண்டும். மே 29 இரவு புடாபெஸ்டில் ஓர் ஆற்று உல்லாசக் கப்பல், 'ஹப்லியான்' என்ற சிறு சுற்றுலாப் படகின் மேல் மோதியது. படகில் 35 பேர்; பெரும்பாலோர் தென்கொரியப் பயணிகள். ஏழு பேர்தான் பிழைத்தார்கள். ஜூன் 2 அன்று வெனிஸில் 'எம்எஸ்சி ஓபரா' என்ற பெரும் கப்பல் கட்டுப்பாட்டை இழந்து, கரையில் கட்டியிருந்த ஓர் ஆற்றுக் கப்பலை இடித்தது. அங்கே காயத்தோடு போனது. பெரிய கப்பல்களை ஊருக்குள் விடாதே என்று வெனிஸ் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கியுடெக்கா கால்வாயில் நுழையத் தடை வந்தது. சீட்டு வாங்குகிறவர் தேர்ந்தெடுப்பது தன் அறையை மட்டும் அல்ல, ஓர் ஊரின் வாசலில் எதைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதையும்தான். வெனிஸ்காரர் நிலையில் நான் இருந்தால் நானும் கொடி பிடித்திருப்பேன்.

நம் நாட்டிலும் இப்போது தேர்வு இருக்கிறது. நம் தாத்தாக்களுக்குக் கப்பல் என்றால் பினாங்கு போன 'ரஜூலா'. மேல்தளத்தில் பாய் விரித்து, மூட்டையோடு போனார்கள். 2022 முதல் சென்னையிலிருந்தே கார்டிலியா உல்லாசக் கப்பல் புறப்படுகிறது. அடுத்த ஆண்டு அது காங்கேசன்துறை வரை போனது. ஆற்றில் என்றால் 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியிலிருந்து திப்ரூகருக்குப் புறப்பட்ட 'கங்கா விலாஸ்': 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர், 36 பயணிகளுக்குத்தான் இடம். அது நம் ஓய்வூதியத்துக்கு எட்டாது. ஆனால் பிரம்மபுத்திராவிலும் ஹூக்ளியிலும் ஒரு வாரம் போகிற சிறு கப்பல்கள் இருக்கின்றன.

நாங்கள் பிரம்மபுத்திராவைத்தான் நினைத்திருக்கிறோம். காசிரங்காவும் மாஜுலித் தீவும் ஆற்றங்கரையிலேயே வருகின்றன. மழைக்காலம் கழிந்து, குளிர் முற்றுவதற்கு முன் நவம்பரில் போகலாம் என்று எண்ணம். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: தண்ணீர் குறைந்து கப்பல் நின்றால் பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், கரையில் இறங்க வெறும் பலகையா கைப்பிடியும் உண்டா, கீழ்த்தள அறையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு எத்தனை படி. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.