ஓரெழுத்துப் பிழையும் ஒரு புற்றுநோயின் வரலாறும்

1991 ஏப்ரலில் நேச்சர் ஆய்விதழின் ஒரே இதழில் கல்லீரல் புற்றுநோய் பற்றிய இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று, சீனாவில் யாங்சி ஆறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள சிதோங் வட்டாரத்து நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தது. மற்றொன்று, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நோயாளிகளுடையவற்றை. இரு குழுவினரும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே பிழையைக் கண்டனர். பி53 மரபணுவின் 249ஆம் கோடானில் மூன்றாம் எழுத்தாகிய குவானின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் இருந்தது. சிதோங்கில் ஆராயப்பட்ட 16 கட்டிகளில் 8இல் இப்பிழை காணப்பட்டது.

393 அமினோ அமிலங்களால் ஆன பி53 புரதம், உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் காப்பது. அதன் 249ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் செரின் வந்தமர்ந்தால் அக்காவல் குலைகிறது. புற்றுக்கட்டிகளில் பி53 மரபணு வெவ்வேறு இடங்களில் சிதைந்திருப்பது இயல்பு. இருவேறு நாட்டு நோயாளிகளிடம் ஒரே எழுத்து பிழைபட்டிருந்ததுதான் புதுமை. வெவ்வேறு ஊர்களில் கிடைத்த ஏட்டுப்படிகளில் ஒரே பிழை இருப்பின், அவற்றுக்குப் பொதுவான ஒரு மூலத்தைப் பதிப்பாசிரியர் தேடுவார். இங்கும் அத்தேடலே நிகழ்ந்தது.

மூலத்தின் ஒரு பாதி முன்னரே தெரிந்திருந்தது. 1960களில் பரூக் புளூம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் கண்ட புரதம், பின்னர் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என அறியப்பட்டது. பால்மர் பீஸ்லி தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கண்காணித்து 1981இல் முடிவுகளை வெளியிட்டார். அவ்வைரஸைத் தாங்கியிருந்தோருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, தாங்காதோரைவிட 223 மடங்கு மிகுந்திருந்தது.

மறுபாதி உணவில் இருந்தது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனத் தெரியவந்து, அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிடப்பட்டது. இந்நஞ்சு கல்லீரலில் உருமாறிக் குவானினோடு ஒட்டிக்கொள்கிறது. படியெடுக்கும்போது அவ்விடத்தில் தைமின் நுழைய நேர்கிறது. வைரஸோ கல்லீரல் உயிரணுக்களை மீண்டும் மீண்டும் அழித்து, மீண்டும் மீண்டும் பிரியச் செய்கிறது. திருத்தப்படும் முன்பே பிழை அடுத்த படிக்குச் சென்றுவிடுகிறது. ஈரமான காற்றில் சேமித்த மக்காச்சோளத்தை உண்டு, வைரஸையும் தாங்கிவந்த சிதோங் மக்களிடம் இவ்விரண்டும் ஒன்றுகூடின.

இப்பிழையைக் கொண்டு நோயை முன்கூட்டியே அறியலாகுமா என்பது அடுத்த வினா. அதுவரை மருத்துவர் கையிலிருந்த அடையாளம் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். 1963இல் மாஸ்கோவில் கார்ரி அபெலெவ் எலிகளிடத்தும், 1964இல் யூரி தத்தாரினோவ் மனிதரிடத்தும் கண்டறிந்தது அது. கருவின் கல்லீரல் சுரந்து, பிறந்தபின் அருகிவிடும் இப்புரதம் புற்றுநோயில் மீண்டும் தோன்றும். ஆனால் கல்லீரல் அழற்சி முற்றும்போதும் அது உயரும். சில கட்டிகள் அதனைச் சுரப்பதே இல்லை.

இறக்கும் உயிரணுக்களின் மரபிழைத் துணுக்குகள் குருதியில் மிதப்பதால், 249ஆம் கோடான் பிழையைக் குருதியிலேயே தேட முடிந்தது. நிலக்கடலை விளையும் காம்பியா நாட்டில் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. புற்றுநோயாளிகள் 53 பேரில் 19 பேரிடமும், சிரோசிஸ் நோயாளிகள் 13 பேரில் இருவரிடமும், புற்றுநோய் இல்லாத 53 பேரில் மூவரிடமும் பிழை இருந்தது. நம்பிக்கையும் ஐயமும் இவ்வெண்களிலேயே உள்ளன. 34 நோயாளிகளிடம் அது காணப்படவில்லை. அம்மூவரிடம் கண்டது வரவிருக்கும் புற்றுநோயின் அறிகுறியா, நஞ்சு உண்டதன் தடயம் மட்டுமா?

மேலும், அஃப்ளடாக்சின் குறைந்த ஐரோப்பாவில் இதே புற்றுநோயில் இப்பிழை அரிது. ஆகவே இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடையாளமன்று. ஒரு நிலத்தின் உணவும் தொற்றும் சேர்ந்து எழுதியது. பின்னர் தேடப்பட்ட நுண் ஆர்என்ஏக்கள், மெத்தில் ஏற்ற மாற்றங்கள் ஆகியவற்றுக்கும் இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை. ஓரிடத்து மக்களிடம் கண்ட அடையாளத்தை வேறிடத்தில் சோதித்த பின்னரே நம்ப வேண்டும்.

சிதோங்கில் நிகழ்ந்த பெரும் மாற்றத்துக்கு அடையாளச் சோதனை காரணமன்று. 1980களில் மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியதால் நஞ்சின் அளவு வீழ்ந்தது. தைவானில் 1984இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தால், 6 முதல் 14 வயதுக் குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் இலட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36ஆகக் குறைந்தது. பிழையை வாசித்தறிந்ததைவிடப் பிழை நேராமல் தடுத்ததே மிகுதியான உயிர்களைக் காத்தது.

இந்தியாவுக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிச் சிற்றூர்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் கல்லீரல் பாதிப்புற்றனர்; 106 பேர் இறந்தனர். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2002இல் முன்னோட்டமாகத் தொடங்கி, நாடு முழுமைக்கும் 2011இல்தான் விரிந்தது. அதற்கு முன் பிறந்து, வைரஸைத் தாங்கியிருப்பதை அறியாமலே வாழ்வோருக்குத் தடுப்பூசி காலம் கடந்தது. அவர்களுக்கு முன்கூட்டிக் கண்டறிதல் இன்றியமையாதது. ஷாங்காயில் 18,816 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்த அல்ட்ராசவுண்ட், ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் சோதனைகளால் இந்நோயின் இறப்பு 37 விழுக்காடு குறைந்தது.

ஆனால் எந்த அடையாளமும் யாரிடம் தேடுவது என்று தெரிந்தாலன்றிப் பயன்படாது. மரபணுவின் ஓரெழுத்தை வாசிக்கும் கருவிகள் வந்துவிட்டன. குருதியில் வைரஸ் உண்டா இல்லையா என்னும் எளிய சோதனையோ இன்னும் பலரைச் சென்றடையவில்லை. அவ்வெளிய சோதனையே முதல் வாசிப்பு. மரபணு வாசிப்பு அதன்பின் வருவது.