முற்றுகை எழுதிய மருந்துச்சீட்டு

யானைக்கறி சாப்பிட்டிருக்கிறீர்களா? முகத்தைச் சுளிக்காதீர்கள். 1870-ம் வருடக் கடைசியில் பாரிஸ் பணக்காரர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கித் தின்றார்கள். காஸ்டர், போலக்ஸ் என்று ஊரே கொஞ்சிய இரண்டு யானைகளைக் கொன்று இறைச்சிக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழைகளுக்கு? குதிரை, பூனை, எலி!

எல்லாம் யுத்தம் செய்த வேலை. 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்தன. நான்கு மாதத்துக்கும் மேல் வெளியிலிருந்து ஒரு மூட்டை மாவுகூட உள்ளே வர வழியில்லை. 1871 ஜனவரியில், ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் ரொட்டிதான் என்று ரேஷன் போட்டார்கள். அதுவும் சுத்தமான கோதுமை ரொட்டி இல்லை.

ஊரே பசியில் சுருண்டு கிடந்தபோது, ஒரு டாக்டர் மட்டும் ஒரு விநோதத்தைக் கவனித்தார். அவர் பெயர் அப்போலினேர் பூஷார்தா. அவருடைய சர்க்கரை நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரையையே காணோம்!

இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அதே பாரிஸில் பியோரி என்ற பிரபல டாக்டர் அப்போது வேறு கணக்குப் போட்டிருந்தார். 'சிறுநீரில் சர்க்கரை வீணாகப் போகிறதா? அப்படியானால் நிறைய சர்க்கரை சாப்பிட்டு ஈடுகட்டு!' செலவுக்கு ஏற்ப வரவை ஏற்று என்கிற கதைதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கேட்டு நடந்த நோயாளி பாடுதான் திண்டாட்டம்.

பூஷார்தா அதற்கு நேர் எதிர். மாவுப் பண்டத்தைக் குறைக்கச் சொல்லி, மாவுச்சத்து நீக்கிய ரொட்டியை முற்றுகைக்குப் பல வருடம் முன்பே சிபாரிசு செய்தவர். முற்றுகை அவருக்கு இன்னொரு பாடம் சொன்னது. எதைச் சாப்பிடுகிறோம் என்பது மட்டுமல்ல, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். முடிந்தவரை குறைவாகச் சாப்பிடு, உடம்பு வியர்க்க வேலை செய். இதுதான் அவருடைய வைத்தியம்.

ஆனால் அவரை நாம் நினைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பட்டியலை அவர் நீட்டவில்லை. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆளைப் பார்த்துச் சாப்பாட்டை முடிவு செய் என்றார். நோயாளியே தினமும் தன் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். அதாவது, கணக்குப் புத்தகத்தை டாக்டர் மேஜையிலிருந்து எடுத்து நோயாளி கையிலேயே கொடுத்துவிட்டார்! இந்த அனுபவத்தையெல்லாம் 1875-ல் புத்தகமாகவும் எழுதினார்.

ஒரு சோகமும் உண்டு. ஒல்லியாக, இளவயதில் நோய் வந்தவர்களை இந்த வைத்தியம் காப்பாற்றவில்லை. 'குண்டு', 'ஒல்லி' என்று சர்க்கரை நோயில் இரண்டு ரகம் உண்டு என 1880-ல் லான்ஸெரோ என்ற பிரெஞ்சு டாக்டர் பிரித்துச் சொன்னார். ஒல்லி ரகத்துக்கு வழி பிறந்தது, 1922-ல் இன்சுலின் வந்த பிறகுதான்.

சரி, குண்டு ரகம்? இன்றைக்கு அதை டைப் 2 என்கிறோம். 2017-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. மூன்று முதல் ஐந்து மாதம், தினமும் சுமார் 850 கலோரிக்குள் சாப்பாடு, கூடவே தொடர்ந்த ஆலோசனை. ஒரு வருட முடிவில் 46 சதவிகிதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டாம் வருடம் அது 36 சதவிகிதமாகக் குறைந்தது. இளைத்த உடம்பை இளைத்தபடியே வைத்திருப்பதுதானே கஷ்டம்!

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பட்டினி கிடக்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆனால் இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, தட்டில் விழுவது எவ்வளவு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாரிஸ்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர ஒரு படையே வரவேண்டியிருந்தது!