கொல்லிமலை உச்சியில் ஒரு வாய்பாடு

கொல்லிமலைன்னா 70 கொண்டை ஊசி வளைவுகள்தான் ஞாபகம் வரும். அந்த உச்சியில் வெட்டிய பாக்சைட், மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் போன கதை தெரியுமா?

பாக்சைட்டில் நமக்கு வேண்டியது அலுமினா. அதோட வாய்பாடு ரொம்ப சிம்பிள். அலுமினியத்துக்கு மூணு கை, ஆக்சிஜனுக்கு ரெண்டு கை. எல்லாக் கையும் கோத்துக்கணும்னா 2 அலுமினியம், 3 ஆக்சிஜன். நிறைக் கணக்கில் 54-க்கு 48. பாதிக்கு மேல் உலோகம்!

ஆனா அந்தப் பிடி லேசில் விடாது. 1808-ல் ஹம்ப்ரி டேவி முயன்றும் பிரிக்க முடியலை. 1886-ல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ, தனித்தனியாக ஒரே வழியைக் கண்டார்கள்: உருக்கிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவது. ரெண்டு பேரும் பிறந்தது 1863-ல். அப்போ வயசைக் கணக்குப் போட்டுக்கோங்க!

இன்னைக்கும் 1 டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட் வேணும். எத்தனை அணு என்பதை வாய்பாடு சொல்லிடும். அந்தப் பாக்சைட், பல லட்சம் வருஷ மழை பாறையிலிருந்து சிலிக்காவைக் கழுவிய பிறகு மிஞ்சினது. வெட்டின இடத்தில் அது மறுபடி உருவாக மனித வரலாறு முழுசும் பத்தாது.