வெள்ளி மலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்

ஜப்பான் என்றால் டோக்கியோ, கியோட்டோவோடு நிறுத்திக்கொள்கிறோம். ஹொன்ஷு தீவின் மேற்கே, ஜப்பான் கடலோரத்தில் ஷிமானே என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கேதான் இவாமி வெள்ளிச் சுரங்கம். 16-ம் நூற்றாண்டில் இங்கே எடுத்த வெள்ளி சீனா வரைக்கும் போனது. 1923-ல் மூடிவிட்டார்கள், 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரியூகென்ஜி சுரங்கத்துக்குள் இன்றும் நடந்து போகலாம், சுவரில் உளித் தடம் அப்படியே இருக்கிறது.

ஆனால் வெள்ளியைத் தின்ன முடியாதே! 1732-ல் பூச்சி விழுந்து நெல் அழிந்தது, மேற்கு ஜப்பானே பட்டினி. சுரங்க ஊரான ஓமோரிக்கு அதிகாரியாக வந்திருந்தவர் இடோ ஹெய்ஸாஎமோன், அறுபது வயதுக்காரர். வரியைக் குறைத்தார். மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் அரசுக் களஞ்சியத்தைத் திறந்தார் என்று அங்கே சொல்கிறார்கள். (வரி வசூலிக்க வந்தவர் செய்கிற வேலையா இது!) தெற்கே சாட்சுமாவிலிருந்து சர்க்கரைவள்ளி விதைக்கிழங்கு வரவழைத்தார். முதல் நடவு பெரும்பாலும் அழுகிப் போனது. மிஞ்சியதிலிருந்துதான் பரவியது.

1733-ல் அவர் இறந்துவிட்டார். நோய் என்கிறார்கள் சிலர், தண்டனை வருமுன் தற்கொலை என்கிறார்கள் சிலர். ஷிமானே சாப்பாடு என்றால் எல்லோரும் இசுமோ சோபா நூடுல்ஸைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு கிழங்குக்கு. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயரே 'கிழங்கு அதிகாரி'. ஓமோரியில் அவருக்குக் கோயில் உண்டு. அந்தக் கடலோர ஊர்களில் நூற்றுக்கணக்கான நினைவுக்கற்களும் நிற்கின்றன.